ஓர் அரிசி நீள வால்

முதலில் எச்சில்.
தங்கூசியை உலர இறுக்கினால்
உரசிய இடம் வெந்து வெளுத்துவிடும்.
கண்ணுக்குத் தெரியாது, மீனுக்குத் தெரியும்.
அதனால் ஒவ்வொரு முடிச்சும்
என் உதட்டைத் தொட்டுவிட்டுத்தான் இறுகுகிறது.

முள்ளின் காது வழியே நுழைத்து
தண்டோடு படுக்கவைத்து
ஏழு சுற்று.
ஒன்றன் மேல் ஒன்று ஏறக் கூடாது,
பென்ஷன் வரிசை மாதிரி
இடித்துக்கொண்டு, ஆனால் ஒழுங்காக.
பிறகு இழு.
மிச்ச வாலை ஓர் அரிசி நீளம் விட்டு நறுக்கு.
மற்றவர்கள் ஒட்ட நறுக்குவார்கள். நான் விடுவேன்.
ஏன் என்றால் சொல்லத் தெரியாது.

ஜேக்கப்ஸில் சட்டைக் கம்பெனி மூடும் வரை
பதினோரு வருஷம் காலர் தைத்தேன்.
அங்கே முடிச்சை மெஷினே போட்டுக்கொள்ளும்.
இப்போது சாட்ஸ்வொர்த் ஏழாம் யூனிட்டில்
சமையல் மேசை, ரேடியோ,
ஐஸ்கிரீம் டப்பா நிறைய முள்.
படையாச்சி கடைக்கு, டஜன் ஒன்பது ரேண்ட்.
ஜூனில் மத்தி வருகிறது என்று பேச்சு கிளம்பினால் போதும்,
ராத்திரி இரண்டு மணிக்கும் போன்:
"கோகிலம், இன்னும் இருபது டஜன்."

கடலா? பார்த்திருக்கிறேன்.
நியூ இயர் அன்று புளூ லகூனில்
பிரியாணிச் சட்டியைக் காத்துக்கொண்டு
அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பேன்.
தூண்டில் வீசியதில்லை.

புரட்டாசி முழுக்க வீட்டில் மீன் கிடையாது.
முள் மட்டும் கட்டினேன்,
விரதமிருந்த அதே நாக்கால் நனைத்து.
பாவமா என்று கோயில் செயலாளரைக் கேட்டேன்.
யோசித்தார். "முழுங்கலையே?"
முழுங்கவில்லை.
"அப்ப சரி. எனக்கு ரெண்டு டஜன் எடுத்து வை,
மாசம் முடியட்டும்."

முடிந்த சனிக்கிழமை
பங்களாதேஷ் மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை.
ஒரு மாதப் பசியோடு ஊரே
செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.
நான் வாங்கியது கிங்ஃபிஷ், நாலு கிலோ.
வீட்டில் தலையைப் பிளக்கும்போது
கத்தி டிக் என்றது.

தாடையோரம் துரு.
சதை அதைச் சுற்றி வளர்ந்து
மூடப் பார்த்து, பாதியில் விட்டிருந்தது.
குறட்டால் திருகி எடுத்துக்
குழாயில் காட்டினேன்.
முள். அதன் மேல் நாலு விரற்கடைத் தங்கூசி,
அறுந்த நுனி சுருண்டு கிடக்க.
தண்டில் நகத்தால் எண்ணினேன்.
ஏழு.
வால், ஓர் அரிசி.

நரம்புதான் அறுந்திருக்கிறது. முடிச்சு நழுவவில்லை.
ஏதோ ஒரு கடற்பாலத்தில் எவனோ ஒருவன்
லேசாகிப்போன கோலைப் பிடித்துக்கொண்டு
கட்டினவளைத்தான் திட்டியிருப்பான்.
அவன் வீடு தெரிந்தால் போய்க் கதவைத் தட்டியிருப்பேன்.
அப்புறம்தான் மீன் முகத்தைப் பார்த்தேன்.
எத்தனை வாரம்
மற்றப் பக்கத்தாலேயே மென்றதோ,
என் எச்சிலைக் கன்னத்தில் சுமந்துகொண்டு.

குழம்பு வைத்தேன். புளி கூடிப்போயிற்று.
தலையை யாருக்கும் போடவில்லை.

திங்கட்கிழமை கடைக் கண்ணாடி மேல்
முள்ளை வைத்து, "டஜன் பன்னிரண்டு" என்றேன்.
படையாச்சி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இதுல ஒன் பேரு எழுதியிருக்கா?"
வாலைக் காட்டினேன்.
தொங்கிய பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.
ஒட்ட நறுக்கியது, ஒட்ட நறுக்கியது, இன்னொன்று,
அதற்கடுத்தது என்னுடையது.
ஒன்றும் சொல்லாமல் திரும்ப மாட்டினார்.

பத்து என்றார். பதினொன்றில் நின்றோம்.
முள்ளைத் திருப்பித் தரவில்லை.
கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டு
வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாராம்:
"மீன் போச்சு, முடிச்சு போகலே, பாத்தீங்களா."
யார் கட்டியது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

இன்றைக்குப் பதினாறு டஜன்.
நாக்கில் நைலான் ருசி, டீயிலும் அதே.
நுழை, படுக்க வை, ஏழு, எச்சில், இழு.
கத்தரி வாலருகே போனதும்
கொஞ்சம் நின்றுவிடுகிறது.
ஓர் அரிசி விடுகிறேன்.
சில நாள் ஒன்றரை.